சாதுப் பாம்புக்கு யார் காவல்?

விஷம் இல்லை, சீற்றமும் குறைவு. சோளப்பாம்பை வளர்ப்பதில் ஆபத்து பெரும்பாலும் பாம்புக்குத்தான்.

அமெரிக்க வீடு ஒன்றின் ஃப்ரீசரைத் திறக்கும்போது உறைந்த சுண்டெலிகள் வரிசையாகக் கிடந்தால் பதற வேண்டியதில்லை. அநேகமாக அங்கே ஒரு சோளப்பாம்பு வளர்கிறது. நியூஜெர்ஸியிலிருந்து ஃப்ளோரிடா வரை காடுகளிலும் பண்ணைகளிலும் திரியும் இந்த ஆரஞ்சு நிறப் பாம்புக்கு விஷம் கிடையாது. நம் ஊர் சாரையைப் போல இதற்கும் எலிதான் பிடித்த இரை. வளர்ந்தால் மூன்று முதல் ஐந்து அடி நீளம். புதிதாகப் பாம்பு வளர்க்க ஆசைப்படுபவர்கள் இதைத் தேடிப் போவதற்கு அதன் சாது சுபாவமே காரணம்.

தொல்லையும் அங்கேதான் ஆரம்பம். கடிக்காத பாம்புக்குக் கவனிப்பும் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

முதல் தேவை உஷ்ணம். பாம்பால் தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாது. எனவே பெட்டியின் ஒரு பக்கம் 30 டிகிரி செல்சியஸ் அளவிலும் மறுபக்கம் 22-24 டிகிரியிலும் இருக்க வேண்டும். இரை செரிக்கச் சூடான பக்கம் போகும். போதும் என்றால் நகர்ந்துவிடும். ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் மறைவிடம் வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் மிரண்ட பாம்பு சூட்டையோ குளிரையோ சகித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். சூடேற்றும் விரிப்புக்கு தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் அடிவயிறு வெந்துபோகலாம். மூடி இறுக்கமாகப் பூட்டியிருக்க வேண்டும். தலை நுழையும் இடைவெளி இருந்தால் உடலும் வெளியேறிவிடும்.

உயிருள்ள எலியைப் போடுவதுதான் இயற்கை என்று பலருக்குத் தோன்றும். ஆனால் மூடிய பெட்டிக்குள், பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். பாம்பு சாகவும் கூடும். ஆகவே உறைந்த எலியை வெந்நீரில் வைத்து உருக்கி, நீண்ட இடுக்கியால் நீட்டுகிறார்கள். பாம்பின் உடல் எங்கே மிகப் பருத்திருக்கிறதோ, ஏறக்குறைய அந்த அளவு எலி போதும். குட்டிக்கு வாரம் ஒருமுறை ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு. பெரிய பாம்புக்கு 10-14 நாளுக்கு ஒரு எலி. தின்ற பிறகு 48 மணி நேரம் கையில் எடுக்கக் கூடாது. எடுத்தால் கக்கிவிடும். சட்டை உரிக்கும் சமயத்தில் உண்ண மறுத்தால் கவலை வேண்டாம்.

மனிதருக்குள்ள ஆபத்து சால்மொனெல்லா கிருமி. அது பாம்பிலும் இருக்கலாம், இரையிலும் இருக்கலாம், உறையவைத்தாலும் சாகாது. எனவே எலிகளை ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வைப்பதும், சமையலறையில் உருக்குவதும் தவறு. பாம்பைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொடவே கூடாது.

சொந்த நாட்டிலேயே இதற்குத் தடையும் உண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் இது மண்ணின் வனஉயிர் என்பதால் வீட்டில் வளர்க்க முடியாது. இந்தியாவுக்குள் உரிமம் இல்லாமல் கொண்டுவருவது குற்றம். ஆனாலும் வருகிறது. 2023 டிசம்பரில் மும்பை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பயணியின் பிஸ்கட், கேக் பொட்டலங்களுக்குள் 11 பாம்புகள் பிடிபட்டன. இரண்டு சோளப்பாம்புகள்.

ஒழுங்காகப் பராமரித்தால் இந்தப் பாம்பு 15, 20 ஆண்டுகள் வாழும். பத்து வயது மகன் அடம்பிடித்தான் என்று வாங்கினால், அவன் கல்யாணத்தின்போதும் யாராவது எலி உருக்கிக்கொண்டிருக்க வேண்டும்.