நாய் வளர்க்கலாமா? கணக்குப் போடுவோம்

கோலார் தங்கவயலில் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதன் பிறகு பலருக்குப் பெங்களூரில்தான் வேலை. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுகிறார்கள். இரவில் வீடு திரும்புகிறார்கள். இந்த வீடுகளில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு உண்டு.

அப்படி ஒரு லைன் வீட்டை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் தெருவிலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வருகிறார்கள். "நாம வளர்க்கலாம்மா" என்று கெஞ்சுகிறார்கள். சும்மா வந்த குட்டிதானே, என்ன செலவு ஆகிவிடும்? அம்மாவும் சரி என்கிறார்.

ஒரு மாதம் போகிறது. குட்டி சாப்பிட மறுக்கிறது. வாந்தி எடுக்கிறது. இரத்தமாகப் பேதி போகிறது. அம்மா அதைத் துணியில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போகிறார்.

"தடுப்பூசி போட்டீங்களாம்மா?"

"இல்லீங்க டாக்டர்."

"இது பார்வோ நோய் மாதிரி தெரியுது. நாலைந்து நாள் குளுக்கோஸ் ஏத்தணும். அப்பவும் பிழைக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது."

"எவ்வளவு ஆகும் டாக்டர்? பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டுற பணம்தான் கையில இருக்கு."

மருத்துவருக்குக் கஷ்டமான கேள்வி இதுதான். சிகிச்சை செய்ய அவருக்குத் தெரியும். அதற்கான பணம் அந்த வீட்டில் இல்லை. முடிந்ததைச் செய்கிறார். மூன்றாம் நாள் குட்டி இறந்துவிடுகிறது. பிள்ளைகள் அழுகிறார்கள்.

அம்மா மேல் குற்றம் இல்லை. முன்னாலேயே யாரும் அவருக்குக் கணக்குச் சொல்லவில்லை. அந்தக் கணக்கை இப்போது நாம் போடுவோம்.

சாப்பாடு: நாய் 10 முதல் 13 ஆண்டு வரை வாழும். வீட்டு மிச்சத்தைப் போட்டால் போதும் என்பார்கள். போதாது. வெங்காயம் சேர்ந்த குழம்பு நாய்க்குக் கெடுதல். ஒரு நாள் உணவுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7,300 ரூபாய். பத்து ஆண்டுக்கு 73,000 ரூபாய்.

தடுப்பூசி: பார்வோவுக்கு முதல் ஊசியைக் குட்டி பிறந்த 6 முதல் 8 வாரத்தில் போட வேண்டும். பிறகு 3, 4 வாரத்துக்கு ஒரு முறை, நாலு மாதம் ஆகும்வரை போட வேண்டும். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசி. அதை ஆண்டுதோறும் போட வேண்டும். வெறிநோய் மனிதருக்கும் வரும். வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது. ஆகவே இந்த ஊசி உங்கள் பிள்ளைக்கும் காவல். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அந்தச் சமயத்தில் பல ஊர்களில் இலவசமாக ஊசி போடுகிறார்கள். கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள்.

கருத்தடை: பெண் நாய் ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். சினையானால் சுமார் 63 நாளில் குட்டி போடும். ஒரே ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் கூடப் பிறக்கும். அத்தனைக்கும் சோறு எங்கே? கருத்தடை அறுவைக்கு ஒரு முறைதான் செலவு.

அவசரச் செலவு: சீட்டுக் கட்டுவது போல இதற்கும் சேமியுங்கள். உண்டியலில் தினம் 5 ரூபாய் போடுங்கள். ஆண்டுக்கு 1,825 ரூபாய் சேரும். நோய் வந்த நாளில் கடனுக்கு அலைய வேண்டாம்.

பணம் மட்டும் போதுமா? எல்லாரும் ரயிலேறிப் போய்விட்டால் பகலில் நாய்க்குத் தண்ணீர் வைப்பது யார்? அதையும் யோசியுங்கள்.

வளர்க்க முடியாவிட்டால் சிலர் நாயைத் தூரத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள். பசி தாகத்தில் வாடும்படி வளர்ப்பு நாயைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நல்ல வீடு தேடிக் கொடுங்கள்.

கணக்கு இடித்தால் இப்போது நாய் வேண்டாம். அதில் வெட்கம் இல்லை. கணக்கு சரிப்பட்டால் குட்டியைக் கொண்டு வாருங்கள். வீட்டுக்கு வருமுன் அதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நோயோடு வருவதை விட ஊசிக்கு வருவதைத்தான் அவர் விரும்புவார்.