மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மூக்கு!

 

எங்க அப்பத்தா கடையில் நல்லெண்ணெய் வாங்கினால் முதலில் மூடியைத் திறந்து மோந்து பார்க்கும். "காறல் வாடை அடிக்குது, வேற குடுப்பா"ன்னு சொல்லிவிடும். நான் சிரிப்பேன். "அப்பத்தா, இதுக்கெல்லாம் மெஷின் வந்திருச்சு"ன்னு சொன்னேன். ஆனால் படித்துப் பார்த்தபோது தெரிந்தது, அந்த மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு மனுசர் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மெஷின் எப்படி வேலை செய்கிறது?

அதன் பெயர் வாயு குரோமட்டோகிராப். வாசனை என்பது ஒரே பொருள் இல்லை, பல வேதிப்பொருள்களின் கூட்டம். காபியில் மட்டும் ஆவியாகும் பொருள்கள் 800க்கு மேல் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்க, சுமார் 30 மீட்டர் நீளக் குழாய் ஒன்றைச் சுருட்டி அடுப்புப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். அதன் துவாரம் கால் மில்லிமீட்டர்தான். ஹீலியம் வாயு உள்ளே தள்ளிக்கொண்டு போகும். சூடு ஏற ஏற, சீக்கிரம் ஆவியாகும் பொருள்கள் முதலில் வெளியே வரும். குழாயின் உள்பூச்சில் ஒட்டிக்கொள்பவை மெதுவாக வரும். நம்ம ஓட்டப்பந்தயம் மாதிரிதான்!

கடைசியில் குழாய் இரண்டாகப் பிரியும். ஒன்று கருவிக்குப் போகும். அது ஒவ்வொரு பொருளுக்கும் மலை மாதிரி கோடு வரையும். இன்னொன்று கண்ணாடிப் புனல் வழியாக மனிதரின் மூக்குக்கு வரும். அவர் மோந்துகொண்டே இருந்து, வாசனை வந்த நொடியில் பொத்தானை அழுத்தி "வெண்ணெய்", "ஈர மண்", "வறுத்த வாசம்" என்று சொல்வார். 1964ல் அமெரிக்காவில் புல்லர் முதலியவர்கள் இந்த முறையைப் பற்றி எழுதினார்கள். சூடான வறண்ட வாயு பட்டால் மூக்கு காய்ந்துவிடும் அல்லவா? அதனால் 1971ல் ஈரக் காற்றைக் கலந்து அனுப்பும் முறை வந்தது.

மூக்கு எதற்கு?

மெஷினுக்கு அளவு தெரியும். எது மணக்கும், எது மணக்காது என்று தெரியாது. பெரிய மலையாகத் தெரியும் பொருளுக்கு வாசனையே இல்லாமல் இருக்கலாம். கோடே தெரியாத இடத்தில் மூக்குக்குப் பலமான வாசனை வரலாம். காபியின் 800 பொருள்களில் அதன் மணத்துக்கு முக்கியக் காரணம் சுமார் 20, 30 தான். எது பலமானது என்று கண்டுபிடிக்க, சாற்றைப் பாதிப் பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே மோந்து பார்ப்பார்கள். கடைசி வரை மணப்பதுதான் கெட்டிக்காரப் பொருள்!

ஒரு உண்மைச் சம்பவம்

ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் என்று ஒரு கருந்திராட்சை உண்டு. அதிலும், அதில் செய்யும் மதுவிலும் மிளகு வாசம் வரும். காரணம் ரொம்ப நாளாகத் தெரியவில்லை. அடிலெய்டில் உள்ள ஆராய்ச்சியாளர்கள் மூக்கையும் மெஷினையும் சேர்த்து வைத்துத் தேடி, 2008ல் அந்தப் பொருளை அறிவித்தார்கள். அதன் பெயர் ரோடண்டோன். ஒரு லிட்டர் தண்ணீரில் 8 நானோகிராம் இருந்தாலே வாசனை தெரியும். (1 கிராம் = 100 கோடி நானோகிராம்!) நம்ம ரசத்தில் போடும் மிளகிலும் இதே பொருள்தான் இருக்கிறது. இன்னொரு ஆச்சரியம், அந்தப் பெயர் வந்தது நம் வயலில் களையாக முளைக்கும் கோரைக்கிழங்கிலிருந்து. கோரையின் அறிவியல் பெயர் சைபரஸ் ரோடண்டஸ். 1967லேயே அதில் இந்தப் பொருளைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

ஆனால் மோந்து பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, அளவை எவ்வளவோ கூட்டியும் அந்த வாசனை தெரியவே இல்லை! நம் மூக்கில் வாசனை அறியும் உணர்விகள் சுமார் 400 வகை. ஆளுக்கு ஆள் அவை கொஞ்சம் மாறும். அதனால்தான் ஒரே ஒரு மூக்கை நம்பாமல் பல பேரை உட்கார வைக்கிறார்கள். யாருக்காவது ஒரு வாசனை தெரியவில்லை என்றால் கேலி செய்யாதீர்கள்.

இதை நான் ஏன் எழுதினேன் தெரியுமா? 2021ல் கொரோனா வந்தபோது அப்பத்தாவுக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டது. ஒருநாள் கெட்டுப்போன பாலைத் தெரியாமல் எனக்குக் காய்ச்சிக் கொடுத்துவிட்டது. நான் துப்பியதும் "என் மூக்கு செத்துப் போச்சே"ன்னு அழுதது. அப்புறம் தினமும் கிராம்பு, எலுமிச்சைத் தோல் எல்லாம் மோந்து மோந்து பார்க்கும். நாலு மாசம் கழித்து ஒருநாள், "ஏத்தா, ரசத்துல மிளகு தூக்கலா இருக்கு"ன்னு சொன்னது. அன்றைக்கு நாங்கள் எல்லாரும் சிரித்தோம். இப்போது அப்பத்தா எண்ணெயை மோந்தால் நான் சிரிப்பதில்லை.

செய்து பாருங்கள்: மிளகு, சீரகம், பெருங்காயம், மல்லி நான்கையும் தனித்தனித் தாளில் மடித்து எண் போடுங்கள். கண்ணைக் கட்டி நண்பர்களை மோந்து பார்க்கச் சொல்லி, பதிலை எழுதுங்கள். யார் மூக்கு முதல் மதிப்பெண் என்று பார்ப்போம்!



— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி