சீருடை இயக்கங்களில் தொப்பி: ஒரு வரலாற்று நோக்கு

பினாங்குத் தீவின் தென்மேற்குப் பகுதியிலுள்ள பாலிக் புலாவ் முதலிய ஊர்களின் பள்ளித் திடல்களில், புறப்பாட நாளன்று சீருடை அணிந்த மாணவர்கள் அணிவகுத்து நிற்பதைக் காண்கிறோம். சட்டையும் காலணியும் ஒன்றாக இருப்பினும், தலையில் பெரே தொப்பி, தலைப்பாகை, முக்காடு என வேறுபாடு தோன்றுகிறது. இவ்வேறுபாட்டின் பின்னணியை ஈண்டு ஆராய்வோம்.

1883ஆம் ஆண்டில் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் கிளாஸ்கோ நகரில் தோற்றுவித்த சிறுவர் படையணி, எளிய சீருடையையே கொண்டிருந்தது. அன்றாட உடையின்மீது வட்டத் தொப்பி, இடைவார், தோள்பை ஆகியவற்றை அணிந்தால் போதும். முழுச் சீருடை வாங்க இயலாத சிறுவனையும் அணியில் சேர்த்துக்கொள்ளத் தொப்பி துணைநின்றது எனலாம்.

பேடன் பவல் 1907ஆம் ஆண்டில் பிரௌன்சித் தீவில் சோதனை முகாம் நடத்தினார். மறு ஆண்டே சாரணியம் பினாங்கை எட்டியது. அதன் அகன்ற விளிம்புத் தொப்பி, அவர் ஆப்பிரிக்கப் போர்க்களங்களில் அணிந்த தொப்பியை ஒத்தது. வெயிலையும் மழையையும் தடுப்பதே அதன் பயன். எனினும் குடியேற்ற நாடுகளில் அது பேரரசின் அடையாளமாகவும் விளங்கியது.

இந்தியச் சிறுவர்களுக்குச் சாரணியத்தில் இடம் மறுக்கப்பட்டபோது, 1910களின் பிற்பகுதியில் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தை அமைத்தார். அச்சிறுவர்கள் விளிம்புத் தொப்பிக்கு மாறாகத் தலைப்பாகை அணிந்தனர். இயக்கத்தின் பயிற்சியை ஏற்றபோதும் தலையணியில் தம் மரபை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1921ஆம் ஆண்டில் பேடன் பவல் இந்தியா வந்தபோது, அச்சங்கம் அவரது அமைப்புடன் இணைந்தது.

ஹர்திகர் 1923ஆம் ஆண்டில் தொடங்கிய சேவாதளத் தொண்டர்களுக்குக் காந்தித் தொப்பியே அடையாளமாயிற்று. அன்று சென்னை மாகாணத்திலிருந்த குண்டூரில் 1930ஆம் ஆண்டில் அத்தொப்பிக்குத் தடை விதிக்கப்பட, மக்கள் அதனை மீறினர். ஒரு முழத் துணிக்கு அரசு அஞ்சியது வியப்பன்று. அத்துணி உரைத்த செய்திக்கே அஞ்சியது. 1943ஆம் ஆண்டில் மலாயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழ் இளைஞர்களுக்கும் தொப்பி வெறும் உடையன்று.

பெரே தொப்பியின் வரலாறு வேறு. பீரங்கி வண்டியின் குறுகிய உள்ளிடத்தில் விளிம்புத் தொப்பி இடையூறாதலின், பிரித்தானியப் படையின் வண்டிப் பிரிவு 1924ஆம் ஆண்டில் அதனை ஏற்றது. 1967ஆம் ஆண்டில் பிரித்தானியச் சாரணரும் பெரேக்கு மாறினர். மலேசியப் பள்ளிகளிலும் சீருடை இயக்கங்கள் பல அதனைக் கைக்கொண்டன.

தொப்பி ஒருவரை அணியில் சேர்க்கவும் விலக்கவும் வல்லது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. எனவே, பொறுப்பாசிரியர்கள் ஒரு கேள்வியை மறவாதிருத்தல் நலம்: தொப்பி வாங்க வசதியில்லாத மாணவனும் வேறு தலையணி பூண்ட மாணவனும் அவ்வரிசையில் தலைநிமிர்ந்து நிற்கின்றனரா? ஆம் எனில், சீருடை தன் பணியைச் செய்தது என்று கொள்ளலாம்.