அறுமீன் நடுவண் ஒரு பெருமீன்

கார்த்திகைத் திங்களிற் பொழுது சாய்ந்தபின் குச்சவெளிக் கடற்கரையிற் கிழக்கு நோக்கி நிற்போமாயின், சற்று வடபால் அலைவிளிம்பினின்றும் சிறு மீன்கூட்டமொன்று மேலெழக் காணலாம். சங்கச் சான்றோர் அறுமீன் என்றதும், மேனாட்டார் பிளையடீசு என்பதும், நாம் கார்த்திகை என வழங்குவதும் இதுவே. நள்ளிரவளவில் அஃது உச்சிக்குச் சிறிது வடக்கே வந்து நிற்கும். விளக்கீட்டு இரவிலேயே இதனைக் காண விழைவார் ஏமாறுவர். அன்று முழுமதி அருகிருந்து சிறுமீன்களை மறைத்துவிடும். ஒரு கிழமை கழித்துச் செல்லுதல் நன்று.

வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் ஆறே தோன்றும். 1610 இல் கலிலியோ தொலைநோக்கியாற் கண்டு 36 மீன்களை வரைந்து காட்டினார். இன்று ஆயிரத்துக்கு மேற்பட்டவை அறியப்பட்டுள. அவற்றுள் ஒளி மிக்கது நடுவணுள்ள அல்சியோனி. கொல்லன் உலையிலிட்ட இரும்பு முதலிற் சிவந்து, வெம்மை மிக மிக வெளிறுதலை நாம் அறிவோம். அம்முறையே, இம்மீனின் நீலவெண்மை கடுவெப்பத்தின் அடையாளமாகும். இதன் மேற்பரப்பு ஞாயிற்றினும் இருமடங்குக்கு மேல் வெப்பமுடையது; ஒளியோ ஏறத்தாழ 2000 மடங்கு. விரைந்து சுழலுதலால் தன்னைச் சூழ ஒரு வாயுத் தட்டினையும் இது கொண்டுள்ளது.

1846 இல் மெட்லர் என்னும் செருமானிய வானூலார், பால்வழி முழுதும் அல்சியோனியை நடுவாகக்கொண்டு சுழல்கின்றது என்றார். கருத்து அழகியது, ஆயினும் பிழையானது. பால்வழியின் நடு தனு இராசித் திசையில், ஏறத்தாழ எதிர்ப்பக்கத்தே உள்ளது.

அண்மைக்காலத்தில் எழுந்த வழக்கு இதனினும் சுவையுடைத்து. பூமி ஞாயிற்றைச் சுற்றிவர, அண்மையிலுள்ள மீன்கள் சேய்மீன்களுக்கிடையே சிறிது இடம்பெயர்வன போலத் தோன்றும். அப்பெயர்ச்சியை அளந்தே தொலைவு காண்பர். இப்பார்க்கசுச் செய்மதியின் அளவைகள் 1997 இல் வெளிவந்தபோது, இக்கூட்டம் 385 ஒளியாண்டளவு தொலைவினதே என்றாயிற்று. முன்னைக் கணிப்போ 430க்கு மேற்பட்டது. இதனாற் கெடுவது யாதெனின், மீன்கள் அத்துணை அண்மையினவாயின் அவற்றின் உண்மையொளி குறைந்துவிடும். குறையின், உடுக்கள் எரியும் முறைபற்றி நாம் கற்ற கொள்கையே ஆட்டங்காணும். 2014 இல் வானொலித் தொலைநோக்கிகள் பல ஒருங்கிணைந்து அளந்து 444 எனக் கண்டன. பின்னர்க் கையாச் செய்மதியும் அதனையொட்டியே உரைத்தது. கொள்கை பிழைத்தது, செய்மதியின் கணக்கே வழுவிற்று.

ஆகவே இன்று குச்சவெளிக் கரையில் நம் கண்புகும் அல்சியோனியின் ஒளி, 1622 இற் போர்த்துக்கேயர் இடிக்குமுன் திருக்கோணேசுவரப் பழங்கோயில் நிலைபெற்றிருந்த நாளிற் புறப்பட்டதாகும்.