சக்கரங்களின் கதை – 14: காற்றில் தனியே போனவர்கள்

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே மிதித்தால் புதுச்சேரி ஏறத்தாழ 95 கிலோமீட்டர். கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றுப் பாலம், அப்புறம் கடப்பாக்கம், மரக்காணத்து உப்பளங்கள். மேடு என்று சொல்ல எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் காற்றுதான். மார்கழியில் வாடை முதுகைத் தள்ளும். போகும்போது சுகம், திரும்பும்போது நரகம். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறியபின் கடற்காற்று வந்து விலாவில் இடிக்கும். அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இந்த வாரக் கதை சட்டென்று பிடிபடும்.

சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் கால்பலத்தில் பெரும்பகுதி காற்றைப் பிளக்கவே செலவாகிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம் பிடிக்கலாம். அதனால்தான் பந்தயத்தில் எல்லோரும் கூட்டமாகப் போகிறார்கள். பெலோட்டன் என்பது அந்தக் கூட்டத்தின் பெயர். அதை விட்டுத் தனியே கிளம்புவது கணக்குப்படி முட்டாள்தனம். அந்த முட்டாள்தனத்தை எவ்வளவு தூரத்துக்குச் செய்து, அப்படியும் ஜெயித்தார் என்பதை வைத்துத்தான் நான் ஒரு வீரரை அளக்கிறேன். கோப்பைகளை எண்ணுவது அப்புறம்.

பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ், 1969 பிரான்ஸ் சுற்றுப்பந்தயத்தில் எட்டு நிமிடத்துக்கும் மேல் முன்னிலையில் இருந்தார். இனி கூட்டத்தோடு கூட்டமாக உருட்டிக்கொண்டு போனாலே பட்டம் உறுதி. அவரோ பிரனீஸ் மலையில் தூர்மாலே உச்சியில் கிளம்பி, ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தன்னந்தனியாக ஓட்டினார். நம் கணக்கில் திருவான்மியூரில் புறப்பட்டுப் புதுச்சேரியை நெருங்குவது. நடுவில் இன்னொரு பெரிய மலை வேறு. அன்று மட்டும் இன்னொரு எட்டு நிமிடம் சேர்ந்தது. கடைசியில் 17 நிமிடம் 54 விநாடி வித்தியாசத்தில் வென்றார். அவருக்கு ‘நரமாமிசம் தின்பவர்’ என்று பட்டப்பெயர் விழுந்ததில் வியப்பில்லை. (அதே ஆண்டு இத்தாலியச் சுற்றிலிருந்து ஊக்கமருந்துச் சோதனையால் வெளியேற்றப்பட்டவரும் இவர்தான். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். இதையும் சொல்லாமல் விடக்கூடாது.)

ஸ்பெயினின் மிகேல் இந்துராயின் மெர்க்ஸுக்கு நேர் எதிர். 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை பிரான்ஸ் சுற்றை வென்றார். அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் ஜெயித்த தினப்போட்டிகள் எல்லாமே, ஒவ்வொருவராக அனுப்பி நேரம் பார்க்கும் போட்டிகள். 1992-இல் லக்ஸம்பர்க்கில் 65 கிலோமீட்டரில் இரண்டாவதாக வந்தவரை மூன்று நிமிடம் பின்னால் விட்டார். மலைகளில் எதிரிகளை ஒட்டியே போய் வந்தால் போதும் அவருக்கு. அதுவும் காற்றில் தனிமைதான்; ஆனால் அட்டவணை போட்டுக் கொடுத்த தனிமை. மதிக்கிறேன், மயங்கவில்லை. அமெரிக்காவின் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களை ஊக்கமருந்துக்காக 2012-இல் பிடுங்கிவிட்டார்கள். இங்கே அவருக்கு இடமில்லை.

மெர்க்ஸின் பசி திரும்பி வந்திருப்பது ஸ்லோவேனியாவின் ததேய் பொகாச்சாரிடம். 2024 ஸ்ட்ராடே பியாங்கே பந்தயத்தில் வெள்ளை மண் சாலைகளில் 81 கிலோமீட்டர் தனியாக: மாமல்லபுரத்திலிருந்து காலாப்பட்டை நெருங்கும் தூரம். அதே ஆண்டு ஸூரிக் உலகப் பட்டப்போட்டியில் 100 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போதே பாய்ந்தார். கடைசி ஐம்பது சொச்சம் தனியே.

இந்தப் பசியையே கண்ணியாக்கினார் டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோர். முன்பு மீன் பதப்படுத்தும் இடத்தில் வேலை பார்த்தவர், பேச்சு குறைவு. 2022 ஜூலையில் பிரான்ஸ் சுற்றின் காலிபியே மலையில் அவரும் அணித்தோழர் ரோக்லிச்சும் மாற்றி மாற்றிப் பாய்ந்தார்கள். பொகாச்சார் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் தானே பதில் சொன்னார். விட்டுக்கொடுப்பது அவர் சுபாவத்தில் இல்லை. அடுத்த மலையான கிரானோனில் கால் செத்துப்போய், ஏறத்தாழ மூன்று நிமிடமும் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையும் பறிபோயின. அதே மாதக் கடைசியில் மாமல்லபுரம் பூஞ்சேரியில் சதுரங்க ஒலிம்பியாட் தொடங்கியது. கிரானோனில் நடந்ததும் அதே ஆட்டம்தான், காயைத் தின்னக் கொடுத்து ராஜாவைப் பிடிப்பது. 2023-இலும் விங்கெகோரே வென்றார், 7 நிமிடம் 29 விநாடியில். 2024-இலும் 2025-இலும் பொகாச்சார் பட்டத்தைத் திருப்பி வாங்கினார். என்னைக் கேட்டால் அந்த இரண்டு தோல்விகளும் பொகாச்சாரைச் சிறியவராக்கவில்லை. மெர்க்ஸையும் 1971-இல் லூயிஸ் ஓகான்யா ஒரே நாளில் எட்டு நிமிடத்துக்கும் மேல் தோற்கடித்தார். சில நாள் கழித்து மழையில் ஓகான்யா விழுந்திராவிட்டால் அந்தப் பட்டம் மெர்க்ஸுக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

செங்கல்பட்டிலும் மற்ற மாவட்டங்களிலும் அண்ணா பிறந்தநாளையொட்டிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு சைக்கிள் போட்டி நடக்கும். 17 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 20 கிலோமீட்டர், பெண்களுக்கு 15. கியர் கிடையாது, இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிள்தான். காற்றை மறைக்க அணியும் கிடையாது. ஆனாலும் கொடி அசைந்ததும் சீறிப் பாய்கிற பையனையும், அவன் பின்சக்கரத்தை விடாமல் கடைசி வளைவுக்குக் காத்திருக்கிற பையனையும் அங்கேயும் பார்க்கலாம். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை இது.

இன்னொன்றும் உண்டு. மலையில் எடைக்கு ஏற்ற பலம் போதும், ஒல்லியானவருக்கு லாபம். சமதளத்தில் மொத்த பலம்தான் பேசும். 2025 பாரி–ரூபே பந்தயத்தில் மலையே இல்லை, கல் பாவிய பழைய சாலைகள். அங்கே பொகாச்சார் ஒரு வளைவில் சறுக்கி விழுந்து இரண்டாவதாக வந்தார். தொடர்ந்து மூன்றாவது முறையாக வென்றவர் நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் பூல். பொகாச்சாரைவிட கனத்த உடம்பு. பிரான்ஸ் சுற்றில் ஒரு நாள்கூட மஞ்சள் சட்டை அணியக் கொடுத்துவைக்காத ரேமோன் பூலிதோரின் மகள் வயிற்றுப் பேரன். தாத்தாவுக்குக் கிடைக்காத அந்தச் சட்டை 2021-இல் பேரனுக்குக் கிடைத்தது. அடுத்த வாரம் அந்தக் குடும்பம்.

(தொடரும்)