வாயிலில் ஓர் அளவுகோல்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுவோர் கொண்டையூசி வளைவுகள் பலவற்றைக் கடத்தல் வேண்டும். மிக நீண்ட பேருந்து அவ்வளைவுகளில் எளிதில் திரும்ப இயலாது. முன்னும் பின்னும் நகர்ந்து, எதிர் வருவோர் வழியை அடைத்துவிடும். ஆதலின், 12 மீட்டருக்கு மிகுந்த நீளமுடைய வாகனங்கள் இம்மலைப்பாதையிற் செல்லலாகாது என 2024ஆம் ஆண்டு நவம்பரில் மாவட்ட நிருவாகம் தடை விதித்தது. நீளத்தை அளக்க வேண்டிய இடம் அடிவாரமே. வளைவில் அகப்பட்ட பின் அளந்து பயன் யாது?

கணிப்பொறியினுள்ளும் இத்தகையதோர் அடிவாரம் உண்டு. இயங்குதளத்தின் நடுவே நின்று நினைவகத்தையும் கோப்புகளையும் ஆளும் நிரலைக் கெர்னல் என்பர். ஏனைய நிரல்கள், 'இப்பெயருடைய கோப்பைத் திறந்து தருக' என அதனை வேண்டும். அப்பெயரைப் படியெடுத்து வைக்கக் கெர்னல் நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கும். வந்த பெயர் அவ்விடத்தினும் நீண்டிருக்க, அதனை அளவாமல் எழுதினால், மிகுந்த எழுத்துகள் அடுத்த இடத்திற் புகுந்து அங்குள்ள செய்தியை அழிக்கும். சாதாரண நிரலில் இப்பிழை நேரின் பெரும்பாலும் அந்நிரலே வீழும். கெர்னலில் நேரின் பொறி முழுவதும் நிலைகுலையலாம், அன்றிப் பகைவர் கைப்படலாம்.

முதலில் அளந்து, பின்னர்ப் படியெடுத்தால் போதாதா? போதாது. அடிவாரத்தில் அளக்கப்பட்ட வண்டி, சிறிது தொலைவு சென்றபின் பின்வண்டி ஒன்றைப் பூட்டிக்கொண்டால் என் செய்வது? அவ்வாறே, அளத்தற்கும் எடுத்தற்கும் இடையே வேறொரு நிரல் பெயரை நீட்டிவிடக்கூடும். ஆகையால் லினக்ஸ் கெர்னல் எண்ணிக்கொண்டே படியெடுக்கிறது. கோப்பின் முழுவழிப்பெயர், முடிவுக்குறி உட்பட 4096 பைட்டுக்குள் அடங்காவிடின், வேண்டுகோளையே மறுக்கிறது. வெட்டிச் சுருக்கினால் அது வேறொரு கோப்பின் பெயராகிவிடலாம் அன்றோ?

அவ்வழியிலுள்ள ஒவ்வொரு தனிப்பெயருக்கும் எல்லை பெரும்பாலும் 255 பைட்டு. இவ்விடத்தில் தமிழர் கருதத்தக்கது ஒன்றுண்டு. இன்று பெருவழக்கிலுள்ள யூ.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழ்க் குறி ஒன்றுக்கோ 3 பைட்டு. 'கொடைக்கானல்' என்னும் பெயரையே காண்க. நம் கண்ணுக்கு ஆறெழுத்து. எழுத்துருவும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுதலின், கணிப்பொறிக்கு அது 11 குறிகள், 33 பைட்டு. அதனை 32 பைட்டு கொள்ளும் இடத்தில் வெட்டி அடைத்தால் இறுதிப் புள்ளி நடுவே அறுபட்டு, எவ்வெழுத்தும் ஆகாத சிதைவாய் நிற்கும். 255 பைட்டில் ஆங்கில எழுத்துகள் 255 அடங்க, தமிழ்க் குறிகள் 85 மட்டுமே அடங்கும். எழுத்தையும் பைட்டையும் ஒன்றெனக் கொண்டு எழுதப்பட்ட நிரல் தமிழ்ப் பெயரைக் கண்டு தடுமாறுவது இதனாலேயே.