அவளை ‘அது’ என்றவன்

துப்பறியும் நாவல் ஒன்றைப் படித்து முடித்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், முதலில் வருவது வேகத்தைப் பற்றிய பேச்சுதான். ‘எடுத்தா வைக்க முடியலை’, ‘ஒரே மூச்சுல முடிச்சேன்’, ‘ராத்திரி தூக்கம் போச்சு’. தொடர்கொலையாளியைத் துரத்தும் கதை என்றால் இந்தப் பாராட்டு இல்லாமல் இருப்பதே இல்லை. பாராட்டு உண்மையானது, ஆனால் எது தங்களை விரட்டியது என்பதை அது சொல்வதில்லை. சென்ற வாரம் பார்த்த அகதா கிறிஸ்டியின் ‘தி ஏபிசி மர்டர்ஸ்’ (1936) நாவலில் விரட்டும் பொருள் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. ஆண்டோவர், பெக்ஸ்ஹில், சர்ஸ்டன் என்று எழுத்து வரிசையில் ஊர்கள், ஒவ்வொரு பிணத்தின் அருகிலும் ஒரு ரயில்வே கையேடு, யார் செய்தது என்ற புதிர். விடை கடைசிப் பக்கங்களில் இருப்பதால் வாசகர் அங்கே போய்ச் சேரத் துடிக்கிறார். சரியாக அரை நூற்றாண்டும் இரண்டு ஆண்டுகளும் கழித்து, 1988-ல் தாமஸ் ஹாரிஸ் எழுதிய ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ நாவலில் அந்தப் புதிர் கிடையாது. கொலைகாரன் யார், அவன் பெயர் என்ன, எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறான் என்பதெல்லாம் புத்தகம் பாதியை எட்டுவதற்கு முன்பே வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் வாசகர் ஓடுகிறார். சொல்லப்போனால் தெரிந்த பிறகுதான் இன்னும் வேகமாக ஓடுகிறார். இந்த ஓட்டம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த வாரத்துக் கேள்வி. கதையை முழுக்கச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. இன்னும் படிக்காதவர்கள் நாவலை முடித்துவிட்டு வருவது நல்லது.

எளிதாகக் கிடைக்கும் பதில், அது எழுத்து நுட்பம் என்பது. குறுகிய அத்தியாயங்கள், அறுபதுக்கும் மேல். ஒவ்வொன்றும் சரியான இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. வாக்கோ நகரத்துப் பத்திரிகையில் குற்றச் செய்தி எழுதியும், பிறகு அசோசியேட்டட் பிரஸ்ஸில் வேலை பார்த்தும் பழகிய கை ஹாரிஸுடையது. கேத்தரின் மார்ட்டின் என்ற பெண்ணை மெம்ஃபிஸ் நகரத்தில் கடத்திய நொடியிலிருந்து ஒரு கடிகாரமும் ஓடத் தொடங்குகிறது. கொலைகாரன் பிடித்து வந்தவர்களைச் சில நாட்கள் உயிரோடு வைத்திருந்துதான் கொல்வான் என்று எஃப்.பி.ஐ.க்குத் தெரியும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் நுட்பமே முழுக் காரணம் என்றால், அதே நுட்பத்தைக் கற்றுக்கொண்டு அதற்குப் பின் வந்த நூற்றுக்கணக்கான நாவல்களும் இதே அளவுக்கு மனதில் தங்கியிருக்க வேண்டும். வெட்டிவெட்டி எழுதிய அத்தியாயங்களும் ஓடும் கடிகாரமும் அவற்றிலும் இருக்கின்றன. ‘விறுவிறுப்பா இருந்தது, ஆனா ஒரு வாரம் கழிச்சு ஒண்ணும் ஞாபகம் இல்லை’ என்று வாசகர்கள் சொல்வது அவற்றைப் பற்றித்தான். இன்னொன்றும் உண்டு. இந்த நாவலிலேயே வேகம் தோற்றுப்போகிறது. உச்சக்கட்டத்தில் ஆயுதம் ஏந்திய படை விமானத்தில் பறந்து போய் இறங்குவது இலினாய் மாநிலத்தின் கேல்யுமெட் சிட்டியில், தவறான முகவரியில். அதே நேரத்தில் ஒஹையோவின் பெல்வெடியர் என்ற சிற்றூரில், எஃப்.பி.ஐ. பயிற்சி இன்னும் முடியாத ஒரு மாணவி வீடு வீடாகப் போய் இறந்த பெண் ஒருத்தியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறாள். கொலைகாரனின் கதவைத் தட்டுவது அவள்தான்.

ஹாரிஸ் கதையின் விசையை ஒரு சுட்டுப்பெயரில் வைத்திருக்கிறார். தன் வீட்டு நிலவறையில் உள்ள தண்ணீரில்லாத பாழுங்கிணற்றில் கேத்தரினை அடைத்து வைத்திருக்கும் ஜேம் கம், அவளிடம் பேசும்போது ‘நீ’ என்று சொல்வதில்லை, அவளைப் பற்றிச் சொல்லும்போது ‘அவள்’ என்றும் சொல்வதில்லை. ‘அது’ என்கிறான். அது இதைச் செய்ய வேண்டும், அது சொன்னபடி கேட்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவளுடைய தோல் மட்டுமே, அதனால் அவனுடைய பேச்சில் அவள் ஏற்கெனவே துணி. ஆங்கில வாசகருக்கே உடல் சிலிர்க்கும் இடம் இது. தமிழ் படிப்பவருக்கு இன்னும் கூர்மையாகப் பட வேண்டும், ஏனென்றால் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குவதே உயர்திணை, அஃறிணை என்ற பிரிவிலிருந்துதான். (நம் பேச்சில் ‘அந்தப் பொண்ணு வந்துச்சு’ என்று சொல்வது வேறு, அங்கே அஃறிணை முடிவு வாஞ்சையில் வருகிறது. இந்த நாவலைத் தமிழில் கொண்டுவருபவர் மிகவும் திண்டாடப்போகிற இடம் இதுவாகத்தான் இருக்கும்.) கடத்தப்பட்டவளின் தாய் டென்னசி மாநில செனட்டர் ரூத் மார்ட்டின். அவர் தொலைக்காட்சியில் தோன்றிக் கொலைகாரனிடம் மன்றாடும்போது மகளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், அவளுடைய சிறுவயதுப் படங்களைக் காட்டுகிறார். அவன் கண்ணில் அவளை ஆளாக்கிவிட வேண்டும், ஆளாகிவிட்டால் அறுப்பது கடினம் என்பது கணக்கு. பார்த்துக்கொண்டிருக்கும் மாணவி கிளாரிஸ் ஸ்டார்லிங்குக்கு அந்தக் கணக்கு உடனே புரிகிறது. அந்தப் பேச்சு கொலைகாரனிடம் எடுபடவில்லை, வாசகரிடம் எடுபட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு வாசகர் பக்கத்தைப் புரட்டுவது ‘யார்’ என்று அறிய அல்ல. பெயர் தெரிந்த ஒருத்தி கிணற்றுக்குள் இருக்கிறாள், அவளை அஃறிணையாக விட்டுவிட்டுப் புத்தகத்தை மூட மனம் வரவில்லை. வாசகர்கள் வேகம் என்று சொல்வது இந்தப் பதைப்பைத்தான் என்பது என் வாதம்.

இதற்குச் சான்றாக நாவலின் மிக மெதுவான இரண்டு இடங்களைக் காட்டுவேன். ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் உடல் மேற்கு வர்ஜீனியாவின் சிற்றூர் ஒன்றில் இறுதிச்சடங்கு நடத்தும் இடத்தில் கிடத்தப்பட்டிருக்கிறது. உள்ளூர்க் காவலர்கள் அறையை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஸ்டார்லிங்கும் அந்த மலைப்பகுதியில் பிறந்தவள்தான். அந்த ஊர்ப் பேச்சு வாடையோடு, அவர்கள் இந்தப் பெண்ணை இதுவரை கொண்டுவந்து சேர்த்ததற்கு நன்றி சொல்லி, இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பணிவாக வெளியே அனுப்புகிறாள். வீட்டில் சாவு விழுந்தால் உடலைக் குளிப்பாட்டும் பெண்கள் ஆண்களை வெளியே அனுப்புவது போன்ற ஒரு செயல். பிறகு நிதானமாகப் பார்க்கிறாள். நகத்தில் மினுக்கும் பாலிஷ் பூசியிருக்கிறது. இவள் பட்டிக்காட்டுப் பெண் அல்ல, நகரத்தில் இருந்தவள் என்று அவள் கணிப்பது அதிலிருந்துதான். தொண்டைக்குள் ஒரு பூச்சியின் கூடு. அதை வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துப் பூச்சியியலாளர்களிடம் எடுத்துப்போகிறாள், அந்தத் துப்பு பின்னால் பயன்படுகிறது. ஆனால் வாசகர் மனதில் நிற்பது அந்த நகப்பூச்சு. சாவதற்குச் சில நாள் முன்பு ஒரு பெண் உட்கார்ந்து, பத்து விரலுக்கும் பொறுமையாகப் பூசிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாவது இடம், முதலில் கொல்லப்பட்ட ஃபிரெடரிக்கா பிம்மெலின் அறை. பெல்வெடியரில் அவளுடைய தந்தை புறா வளர்த்துக்கொண்டு தனியாக இருக்கிறார். காவல்துறை அந்த அறையை ஏற்கெனவே சோதித்துவிட்டது. ஸ்டார்லிங் மறுபடியும் போய், இறந்தவள் என்னவெல்லாம் வைத்திருந்தாள், எதற்கு ஆசைப்பட்டாள் என்று பார்க்கிறாள். ஃபிரெடரிக்கா தையல் தெரிந்தவள். பருத்த உடல்வாகு, தனக்குப் பொருந்தும் உடையைத் தானே தைத்துக்கொள்பவள். அலமாரியில் தொங்கும் ஓர் உடையில், உடம்பின் வளைவுக்கு ஏற்பத் துணியை முக்கோணமாக மடித்துப் பிடிப்பதற்கான அடையாளங்கள் இருக்கின்றன. நம் ஊர்த் தையல்காரர்கள் ரவிக்கைக்கு ‘டாட்’ பிடிப்பது என்பார்களே, அது. அந்த முக்கோணத்தைப் பார்த்ததும், ஆற்றில் கிடைத்த பெண்ணின் முதுகில் தோல் முக்கோணமாக அறுக்கப்பட்டிருந்தது எதற்காக என்று அவளுக்குப் புரிகிறது. கொலைகாரனுக்குத் தைக்கத் தெரியும், அவன் தைத்துக்கொண்டிருக்கிறான். வழக்கே திரும்பிவிடுகிறது. இந்த இடத்தில் ஒரு துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. கொலைகாரனின் மனத்தை ஆராய்ந்த நிபுணர்கள் எல்லாரும் கோட்டைவிட்டதை, கொல்லப்பட்டவளின் தையல் வேலை காட்டிக்கொடுக்கிறது. இந்த நாவலை வேகமானது என்று சொல்பவர்களிடம் மறக்க முடியாத காட்சியைக் கேட்டால் இந்த அறையையோ, இரண்டு பேர் கம்பிக்கு இருபுறமும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் பால்டிமோர்க் காட்சியையோதான் சொல்கிறார்கள்.

பால்டிமோர் என்றதும் ஒரு வலுவான மறுப்பு எழும். அந்தக் கம்பிக்கு உள்ளே இருப்பவர் இன்னொரு கொலைகாரரான டாக்டர் ஹானிபல் லெக்டர் அல்லவா, வாசகர்கள் அவருக்காகத்தானே வந்தார்கள்? 1991-ல் ஜோனதன் டெம்மி எடுத்த படம் 5 ஆஸ்கர் விருதுகளை வென்றது. 2003-ல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வெளியிட்ட பட்டியலில் லெக்டர் முதலிடம் பெற்ற வில்லன். கொல்லப்பட்டவர்களின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, கொல்பவரின் பெயர் உலகத்துக்கே தெரியும். இந்த மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் லெக்டருக்காகத்தான் வந்தார்கள் என்றால், 1999-ல் வந்த ‘ஹானிபல்’ நாவல் அவர்களுக்கு விருந்தாக இருந்திருக்க வேண்டும். தலைப்பே அவர் பெயர், பக்கத்துக்குப் பக்கம் அவர் இருக்கிறார். ஸ்டீபன் கிங் அதைப் புகழ்ந்து எழுதினார், மார்ட்டின் ஏமிஸ் கிழித்து எழுதினார். வாசகர்களோ கடைசி அத்தியாயங்களில் கொதித்துப்போனார்கள். அங்கே லெக்டர் மருந்துகளாலும் பேச்சாலும் ஸ்டார்லிங்கை மாற்றித் தன் துணைவியாக்கிக்கொள்கிறார். முந்தைய நாவல் முழுக்க ஒருத்தி ‘அது’ ஆகிவிடாமல் காக்கப் போராடியவளை, அடுத்த நாவல் இன்னொருவரின் கைப்பொருளாக்கிவிட்டது. ஜோடி ஃபாஸ்டர் அந்த வேடத்துக்குத் திரும்பவில்லை, ஜூலியான் மூர் நடித்தார். 2001-ல் வந்த படம் நாவலின் முடிவையே மாற்றிவிட்டது. எதற்காக வந்தோம் என்பதை வாசகர்கள் பாராட்டும்போது சொன்னதைவிடக் கோபப்பட்டபோது தெளிவாகச் சொன்னார்கள். மேலே சொன்ன பட்டியலிலேயே நாயகர்களில் ஸ்டார்லிங்குக்கு ஆறாமிடம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. ஜேம் கம் என்ற பாத்திரம் உண்மையான கொலைகாரர்களிடமிருந்து ஒட்டுப்போட்டு உருவானவன். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு உதவி கேட்டுப் பெண்களை வண்டிக்கு அருகே வரவழைத்தவன் டெட் பண்டி. பிணத்தின் தோலை உரித்துப் பொருள்கள் செய்தவன் விஸ்கான்சினின் எட் கீன். பெண்களை வீட்டு நிலவறையில் அடைத்து, குழி தோண்டி வைத்திருந்தவன் 1987-ல் பிலடெல்பியாவில் கைதான கேரி ஹைட்னிக். உண்மையில் செத்தவர்களின் குடும்பங்கள் உயிரோடு இருக்கும்போது அந்தச் சாவை இரவுநேர விறுவிறுப்பாக்குவது நியாயமா என்று கேட்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. நியாயம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிவது ஒன்றுதான்: இந்த வகை எழுத்துக்குள்ளேயே தரம் பிரிக்க ஒரு அளவுகோல் இருக்கிறது, புத்தகத்தை மூடிய பிறகு செத்தவரைப் பற்றி வாசகருக்கு என்ன தெரிகிறது என்பது. 1888-ல் லண்டனின் வைட்சாப்பலில் கொல்லப்பட்ட ஐந்து பெண்களைப் பற்றி நூறாண்டுக்கு மேலாக எத்தனையோ புத்தகங்கள் வந்தன, பெரும்பாலானவை ஜாக் தி ரிப்பர் யார் என்று தேடியவை. 2019-ல் ஹாலி ரூபன்ஹோல்ட் ‘தி ஃபைவ்’ எழுதியபோது கொலைகாரனைத் தேடவே இல்லை, கொலைகளையும் விவரிக்கவில்லை. ஆனி சாப்மன் ஒரு வண்டியோட்டியின் மனைவியாக வாழ்ந்த நாட்களிலிருந்து அவளைப் பின்தொடர்ந்தார். வாசகர்கள் அதைத் தேடிப் படித்தார்கள், அந்த ஆண்டின் பெய்லி கிஃபோர்ட் பரிசும் அதற்குக் கிடைத்தது. கொலைகாரன் இல்லாவிட்டால் வாசகர் வரமாட்டார் என்ற பதிப்புலக நம்பிக்கைக்கு அதுவே பதில்.

ஹாரிஸின் புத்தகமும் அந்த அளவுகோலில் முழுமையாகத் தேறிவிடவில்லை. ஜேம் கம் தன்னைப் பெண்ணாக மாற்றிக்கொள்ள விரும்புகிறவன், அதற்காகப் பெண்களைக் கொல்கிறான் என்ற கதை, திருநர்களைக் கொலைகாரர்களாகக் காட்டுகிறது என்று வாசகர்கள் சொன்னார்கள். 1992-ல் ஆஸ்கர் விழா நடந்த அரங்கத்துக்கு வெளியே படத்துக்கு எதிராகப் போராட்டமும் நடந்தது. ஹாரிஸுக்கு இது தெரியாமல் இல்லை. நாவலில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் டேனியல்சன், பாலின மாற்றத்துக்காகத் தன்னிடம் வருகிறவர்களுக்கும் வன்முறைக்கும் தொடர்பில்லை, இந்த வழக்கோடு அவர்களை இணைத்துப் பேசுவதே தீங்கு என்று எஃப்.பி.ஐ. அதிகாரியிடம் சீறுகிறார். கம் உண்மையில் அப்படிப்பட்டவனே அல்ல என்று லெக்டரும் சொல்கிறார். ஆயினும் இரண்டு மூன்று பக்க விளக்கத்தை, முந்நூறு பக்கம் மனதில் பதிந்த உருவம் விழுங்கிவிடுகிறது. டேனியல்சனிடம் வந்த ஒருவர்கூட நாவலில் ஆளாக, பெயரோடு, தனக்கென ஓர் அறையோடு நடமாடவில்லை. கேத்தரினுக்கும் ஃபிரெடரிக்காவுக்கும் கிடைத்தது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்தக் குறையைச் சொன்னவர்கள் நாவலைத் தவறாகப் படித்தவர்கள் அல்லர். நாவல் தனக்கு விதித்துக்கொண்ட கணக்கைக் கொண்டே நாவலை அளந்தவர்கள்.

வேகத்தை விரும்பும் வாசகர்களின் எதிர்க்குறை ஒன்றும் உண்டு: ஜாக் க்ராஃபோர்டின் மனைவி பெல்லா வரும் பக்கங்கள் கதைக்குத் தேவையில்லாமல் இழுக்கின்றன என்பது. படத்தில் அவளே இல்லை, படம் நன்றாகத்தானே ஓடியது என்பார்கள். பெல்லா நோயில் படுத்திருக்கிறாள், பிழைக்கமாட்டாள். தொடர்கொலை விசாரணைக்குத் தலைமை தாங்கும் க்ராஃபோர்டு பகலில் உடல்களின் படங்களைப் பார்த்துவிட்டு, இரவில் வீட்டுக்கு வந்து மனைவியின் படுக்கைக்குப் பக்கத்தில் படுத்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவளைக் கொல்வது எந்தக் கொலைகாரனும் அல்ல, அந்தச் சாவில் கண்டுபிடிப்பதற்கு எதுவும் இல்லை. பகலெல்லாம் கோப்புகளில் எண்ணிட்ட உடல்களைப் பார்க்கிறவர் ஒரு உடலின் ஒவ்வொரு மூச்சையும் அவளுடையது என்று அறிந்து கேட்கிறார். அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போனவர்கள் ஒருமுறை திரும்பிப் போய், இரவு நேரத்தில், மெதுவாகப் படித்துப் பார்க்கட்டும்.

(தொடரும்)